பிழைபாடி மயிலாத்தாள்

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியதில்லை. எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். எல்லாம் கண்ணால் கண்டது.

பீளமேட்டு இசைக்கூடத்தில் மாலை ஐந்தரைக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்ததும், மயிலாத்தாள் வழக்கம்போல மோகன ராகத்தைத் தப்பாகப் பாடினாள். மோகனத்தில் 'ம' கிடையாது. அவள் தினமும் அதை நுழைப்பாள்.

"அங்க 'ம' வராதுங்க அம்மிணி," என்று மற்ற ஐந்து பேரும் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

அதுதான் அவள் உத்தியோகம். பிறந்த மூன்றாம் நாளே தொண்டையில் இசைச்சில்லு பொருத்திவிடும் காலம் அது. யாருக்கும் அபசுரம் வராது. திருத்த ஆளில்லாமல் பாட்டு வகுப்புகள் காலியாயின. கூடிப் பேச இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட மறந்துபோயிற்று. கலங்கிப்போன இசைத்துறை, சில்லு ஒட்டாத தொண்டைக்காரர்களைத் தேடிப்பிடித்து, வகுப்புக்கு ஒரு பிழைபாடியை நியமித்தது. ஆய்வு நாளில் ஒரு பிழையாவது விழாத வகுப்பைப் பூட்டிவிட வேண்டும் என்பது சட்டம்.

மயிலாத்தாளுக்கு ஒரே கவலை. மூன்று வருஷம் திருத்தம் வாங்கியதில், அந்த 'ம' தானாகவே நழுவத் தொடங்கியிருந்தது. தப்பாகப் பாட வீட்டில் ரகசியமாகச் சாதகம் செய்தாள்.

ஆய்வாளர் பிழைமானியோடு வந்த வியாழக்கிழமை, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மோகனம் சுத்தமாக வந்து விழுந்தது. பிழைமானி பூஜ்யம் காட்டியது.

"என்னங்க இது, கத்துக்கிட்டீங்களா?" என்றார் ஆய்வாளர், பூட்டை வெளியே எடுத்தபடி.

"தெரியாம வந்துருச்சுங்க," என்றாள். இந்த ஐந்து பேரைத் தவிர அவளைக் கூப்பிட ஊரில் ஆளில்லை.

ஐவரில் ஒருவரான மோட்டார் பட்டறை தெய்வசிகாமணி கனைத்தார். "நான் ஒருக்கா பாடறனுங்க." 'ம'வை நுழைக்க முக்கினார், சில்லு விடவில்லை. முகம் கத்தரிக்காயாகக் கறுத்தது. அப்புறம்தான் உறைத்தது: சில்லு காப்பது சுரத்தை மட்டும், வாயை எப்போது திறப்பது என்பது அவரவர் பாடு. தாளப்பெட்டி தட்டியும் சும்மா இருந்துவிட்டு, அரை இடம் பிந்தி எடுத்தார்.

பிழைமானி ஒன்று காட்டியது.

"எடுப்புத் தப்புங்ணா," என்றாள் மயிலாத்தாள். அந்தக் கூடத்தில் அவள் திருத்திய முதல் பிழை. "இந்த வயசுல இதுகூட வராட்டி எப்படிங்க? இன்னொருக்கா."

மற்ற நால்வரும் போட்டி போட்டுக்கொண்டு பிந்தினார்கள். ஆய்வாளர் பூட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தானும் ஒருமுறை பிந்திப் பார்த்தார்.

அன்றிலிருந்து தாளப்பெட்டியை யாரும் முடுக்கவில்லை. தொடையில் தட்டும் மயிலாத்தாளின் கையைப் பார்த்துத்தான் ஐந்து பேரும் வாயைத் திறந்தார்கள்.

இவ்வளவும் நடக்க இன்னும் எண்பத்தொரு வருஷம் இருக்கிறது.