காய்ந்த போர்

அப்பாவின் வாயோரத்தைத் துடைத்த துண்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வியர்வை என்று சொல்லிக்கொண்டாள் அமுதவல்லி. எட்டு மாதமாகப் பக்கவாதத்தில் கிடக்கும் மனிதருக்கு வாய் ஒருபக்கம் கோணித் திறந்தேதான் இருக்கும். எச்சில் வழியும், காயும். ஆனால் துண்டை உதறியபோது வந்தது எச்சில் வாடை இல்லை. முட்டத்துப் பாறைகளில் அலை வடிந்தபின் எழும் பாசி வாடை. திருச்செங்கோட்டில், கடலை விட்டு இத்தனை தூரத்தில், அதற்கு என்ன வேலை?

என்ன வேலை என்று அவளுக்கே தெரியும். நினைக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடம் அந்தப் பாறைகளில் குனிந்து கடல்பேன்களை எண்ணியவள் அவள். அரிசியளவு உடம்பு, பதினான்கு கால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். பாறையின் மேல்பகுதியில் எத்தனை, நடுவில் எத்தனை, அலை ஓயாத அடியில் எத்தனை என்று அட்டவணை போட்டு, அவற்றுக்கு இருட்டும் ஈரமும் இடுக்கும்தான் பிடிக்கும் என்று ஆய்வேடு எழுதி முடித்தாள். ஆய்வுக்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த உயிருள்ளவற்றை, இரண்டு வாளிக் கடல்நீரோடு, வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்ந்த ஆழ்துளைப் போரில் கொட்டினாள். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் வராத போர் குப்பைக்குழி.

அந்தப் போரைப் போட்டவர் அப்பா காளியண்ணன். ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்தவருக்குச் சொந்த வீட்டில் ஆயிரத்து நூறு அடியிலும் கல்தூசிதான் பறந்தது. கட்டிலிலிருந்து பின்வாசல் வழியே அவருக்கு அந்தப் போர் தெரியும். அவள் வாளியைக் கவிழ்த்தபோது தொண்டை கிழிய ஊளையிட்டார்.

"சும்மா இருங்கப்பா!" என்று எரிந்து விழுந்துவிட்டு மூடியை வைத்தாள். திருகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் துவைக்கும் கல்லடியில் ஒன்று ஊர்ந்தது. அடுத்த நாள் ஏழு ஐம்பதுக்குக் கல்லின்மேல் பத்து. தினமும் ஐம்பது நிமிடம் தள்ளி, தினமும் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே. கடலில் அலையேற்றம் அப்படித்தான் நாளுக்குநாள் தள்ளிப்போகும். கடலை விட்டுப் பிரித்துக் கொண்டுவந்தாலும் இந்தச் சனியன்கள் அந்த நேரத்தை மறக்காது. நேற்றுப் பின்வாசல் படிவரை வந்துவிட்டன. இன்று எட்டாம் நாள். கணக்குப்படி பன்னிரண்டு ஐம்பது. அமாவாசை வேறு. ஏற்றம் உச்சத்துக்குப் போகும் நாள்.

அமாவாசை என்பதால்தான் அண்ணன் அன்பரசு, இறந்துபோன அம்மாவுக்குத் திதி கொடுக்கப் பவானிக்குப் போயிருந்தான். போன் செய்தாள்.

"அண்ணா, அப்பாவ மாடிக்குத் தூக்கோணும். சீக்கிரம் வாங்க. போர்ல தண்ணி ஏறுது."

"அந்தப் போர்லயா?" சிரித்தான். "ஏன் அம்மிணி, வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சா? கல்லப் போட்டுப் பாரு. ஒரு மணி நேரத்துல வாரேன்."

கல்லைப் போட்டுக் காது கொடுப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். அந்தப் போரில் எதைப் போட்டாலும் சத்தமே வராது. பன்னிரண்டரை மணிக்கு, உச்சி வெயிலில், மூடியை நகர்த்தி ஒரு ஜல்லிக்கல்லைப் போட்டாள்.

ளொடக்.

கை எட்டும் ஆழத்தில்.

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். கதவடியில் சாக்கைத் திணித்தாள். பினாயிலை ஊற்றினாள். அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். தொண்ணூறு கிலோ, அசையவில்லை. ஐயோ, நானே கொட்டினேனே, நானே கொட்டினேனே. கதவுக்கு அந்தப்பக்கம் முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஓர் உரசல். ஏறியது. தாழ்ப்பாள் வரை ஏறியது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு ஐம்பது.

நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். படி காய்ந்திருந்தது. துவைக்கும் கல் சுட்டது. காலடியில் கிடந்த நீல டைல்ஸ் சில்லு ஒன்றை எடுத்துப் போரில் போட்டாள். சத்தமே இல்லை. விழுந்துகொண்டே இருந்தது. "போய்த் தொலஞ்சுது சனியன்," என்று வாய்விட்டு அழுதாள்.

உள்ளே வந்தபோது அப்பாவின் வாய் மூடியிருந்தது.

எட்டு மாதத்தில் முதல்முறை. உதடுகள் வெளுக்க இறுக்கி மூடியிருந்தார், மேலே நல்ல கையையும் வைத்து அழுத்தியிருந்தார். "அப்பா! வாய் மூட வந்துருச்சுங்களா!" என்று கட்டிலுக்குப் பாய்ந்தாள். அவர் கண்களில் நீர் கொட்டியது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். போர்வைக்குள் வயிறு மேடிட்டிருந்தது. கன்னம் உள்ளிருந்து அசைந்தது.

"வாயத் தொறங்கப்பா. என்னன்னு பாக்கறேன்."

கையை விலக்கினாள். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

மேலண்ணத்தில் சில. பற்களில் நெருக்கமாக. நாக்குக்கடியில் இடமே இல்லாமல். அவள் அட்டவணையில் எழுதியிருந்த அதே வரிசை. தொண்டை விளிம்பில் கறுப்பாக நீர் ததும்பி நின்றது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நாக்கின் நடுவில், சொட்டச் சொட்ட, நீல டைல்ஸ் சில்லு.