அது எங்க பச்சை இல்ல!

அவ நிஜப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. பட்டாசுன்னு சொல்லுங்க, தெருவே திரும்பிப் பார்க்கும். அன்னிக்கு அவ வெடிச்சது சித்தி மேல.

"எங்க வயல்ல நல்ல விளைச்சல் வருமாமே? யாரு சொன்னா?"

விளைச்சலை முன்கூட்டியே கணிக்கிற ஆபீஸ்லதான் சித்திக்கு வேலை. செயற்கைக்கோள் மேல இருந்து எடுத்த படம், மண்ணு, மழை, வெயில் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்தா, எந்த வயல்ல எவ்வளவு கோதுமை வரும்னு அது சொல்லிடும்.

அந்த வருஷம் மழையே இல்ல. அணையில இன்னும் ஒரு தடவை பாய்ச்சத்தான் தண்ணி இருந்துச்சு. சித்தியோட படத்துல காஞ்சதுன்னு சிவப்பா காட்டுற வயலுக்கு மட்டும் விடுவாங்களாம். இவங்க வயலோ பச்சைப் பசேல்னு இருந்துச்சு. படத்துல!

"இலையெல்லாம் சுருண்டு கிடக்குன்னு அப்பா சாப்பிடாம உட்கார்ந்திருக்காரு. நீ இங்க பச்சை பெயிண்ட் அடிச்சு வச்சிருக்க!"

"நானாடி அடிச்சேன்? படம் பொய் சொல்லாது."

"அப்போ எங்கப்பா பொய் சொல்றாரா? வா, வந்து பாரு!"

செருப்பு மாட்டக்கூட விடாம சித்தியை வயலுக்கு இழுத்துட்டுப் போனா.

"உன் படம் கட்டம் கட்டமாத்தானே இருக்கு? அதுல ஒரு கட்டம் எவ்வளவு பெருசு? நடந்து காட்டு."

சித்தி போனைப் பார்த்துக்கிட்டே நடந்தாங்க. காஞ்ச கோதுமையைத் தாண்டி, வரப்பையும் தாண்டிப் போய் நின்னாங்க. சுத்தி முழங்கால் உயரத்துக்குக் கொழுகொழுன்னு மாட்டுத் தீவனப் புல்லு! கிணறு வச்சிருக்கிற பக்கத்து வயல்காரர் போட்டது.

"ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம்தானே? அவர் புல்லோட பச்சையை எங்க கோதுமை தலையில கட்டிட்டியே சித்தி! இது என்ன நியாயம்?"

சித்தி முகம் சுருங்கிப் போச்சு. "சின்னக் கட்டம் போட்ட படமும் இருக்கு. வேலை ஜாஸ்தின்னு நான்தான் பெருசை எடுத்துட்டேன். சரி, கத்தாதே. உங்க வயலை மட்டும் இப்பவே மாத்திடறேன்."

வேற பொண்ணா இருந்தா சந்தோஷத்துல குதிச்சிருப்பா. இவளுக்கு இன்னும் கோபம் ஏறிடுச்சு.

"எங்களுது மட்டுமா? இந்த வரப்பு நெடுக எத்தனை சின்ன வயல் இருக்கு! சித்தி இல்லாதவங்க வயல் காஞ்சு போகணுமா?"

"எல்லாத்தையும் சேர்த்தா உங்க பங்கு குறையும்டி."

"குறையட்டும்!"

சித்தி வரப்புலயே உட்கார்ந்து மேலதிகாரிக்குப் போன் போட்டாங்க. அவர் போட்ட சத்தம் பட்டாசுக்கே கேட்டுச்சு. "கடைசி நேரத்துல மாத்தச் சொன்னா, நான் யார் யாருக்குப் பதில் சொல்றது?"

பட்டாசு எம்பிக் கத்தினா. "காஞ்சு கிடக்கிறவங்களுக்குச் சொல்லுங்க சார்!"

அவர் குரலைத் தணிச்சுக் கேட்டாரு. "யாரும்மா அது?"

"எங்க அக்கா பொண்ணு சார். தப்பு என்னுதுதான். நாளைக்கே புதுசா போட்டுத் தரேன்."

சொன்ன மாதிரியே போட்டுக் குடுத்தாங்க. வாய்க்கால்ல வந்த தண்ணி சின்ன வயல் ஒண்ணொண்ணுலயும் பாய்ஞ்சுட்டு, கடைசியாத்தான் இவங்க மடைக்கு வந்துச்சு. அதுவும் கணுக்கால் அளவு.

"இவ்வளவுதானா?"ன்னு மடையில நின்னுக்கிட்டே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா பட்டாசு.

அப்பா ஒரு கதிரை மெதுவாத் தடவிப் பார்த்தாரு. "போதும்டா கண்ணு. கதிர்ல மணி பால் பிடிச்சிடும்."

அப்புறம்தான் அவ மூஞ்சி தெளிஞ்சுது. காலை எடுத்து ஓரமா வச்சு, தண்ணிக்கு வழி விட்டா.