இருநூற்றுப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டவள்

ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனாலும் பட்டப்பகலில், ஆளில்லாத தன் வீட்டுக்குள், நெரிசலான பஸ்ஸில் ஏறிவிட்டதுபோல் அவளுக்கு மூச்சு முட்டியது. ஈரமண் வாசனை, அதற்கடியில் பல காலம் பூட்டிக் கிடந்த துணியின் வாசனை, யாரோ தொண்டையைச் செருமப் போய் அடக்கிக்கொண்டதுபோல் ஒரு சத்தம். எல்லாம் மனப்பிராந்தி என்று தன்னையே அதட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். மூன்று மாதமாக அவள் பார்த்த வேலைக்கு இதுகூட வராவிட்டால்தான் அதிசயம்.

ரயில் நிலையம் கட்டுவதற்காக நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தைக் காலி செய்த அலுவலகத்தில் அவள் குமாஸ்தா. தோண்டுவதற்கு முன் சொந்தக்காரர் ஒருவர் அருகில் நின்று, "இடம் மாத்துறோம், என்னோட வாங்க" என்று இறந்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது அலுவலகம் செய்த ஏற்பாடு; சண்டைக்கு வந்த குடும்பங்கள்கூட அதில் அடங்கிப்போயின. கேட்பாரற்ற இருநூற்றுப் பதினொரு பேரைக் கூப்பிடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியாக, அதே தோட்டத்தில் புதைத்திருந்த தன் அம்மாவையும். ஊருக்கு வெளியே மரநிழலில் புது இடம் தயார் என்று மேற்பார்வையாளரான அண்ணன் சத்தியம் பண்ணியிருந்தான். அவனை நம்பித்தான் அவள் வாய் திறந்தாள்.

வேலை முடியும்வரை அந்தப் புது இடத்துக்கு யாரும் வரக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தான். பொறுக்கமாட்டாமல் இன்று லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கப் போனாள். மரமும் இல்லை, கல்லும் இல்லை. லாரிகள் நிறுத்தும் தார்த்தரைதான் இருந்தது. நேராக வீடு திரும்பியவள், அண்ணனுக்குப் போன் போட்டாள். முதலில் மழுப்பினான். பிறகு குரல் இறங்கியது.

"புது இடம்னு ஒண்ணு எப்பவுமே இல்ல. எல்லாத்தையும் ஸ்டேஷன் அஸ்திவாரத்துலயே போட்டு மூடிட்டோம்."

"அம்மாவையுமா?"

அவன் பக்கத்தில் யாரிடமோ லாரியை எடுக்கச் சொன்னான்.

"என்னோட வாங்கன்னு கூப்பிட்டேனே அண்ணா."

"செத்தவங்களுக்குக் காது கேக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

கூடப் பிறந்தவனே இப்படிக் கழுத்தறுத்துவிட்டானே.

பின்னால் ஒரு காலடி. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

திரும்பினாள்.

கூடத்தில் நின்றார்கள். சமையலறையில். படுக்கையறை வாசலில். தோளோடு தோள் இடித்துக்கொண்டு. யார் முகத்திலும் கோபம் இல்லை. கூப்பிட்டவள் இனி எங்கே போகச் சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அவளைக் கடந்து போனாள். வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து, மற்றவர்களோடு நின்றுகொண்டாள்.