மூன்று ஓம்

ஆம்ப்ளிஃபையரின் மேல்தகடு கை வைக்க முடியாதபடி சுட்டது. மதிய மழையின் ஈர வாடையையும் மீறி, சூடேறிய தூசியின் கருகல் நாற்றம் கூடம் முழுக்கப் பரவி, திரைச்சீலையிலும் அவன் சட்டையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டை மிகக் குறைவாகத்தான் வைத்திருந்தான். மாட்டியிருந்ததும் ஒரே ஒரு ஸ்பீக்கர்.

இறந்த மனைவியின் அண்ணனுக்குப் போன் செய்தான். அவர் ரேடியோ மெக்கானிக்.

"ஆம்ப்லேர்ந்து வயரைக் கழட்டி மீட்டர் வச்சுப் பாருங்க மாப்ள. எட்டு ஓம் ஸ்பீக்கர், மீட்டர்ல ஆறு கிட்ட காட்டும்."

"மூணு காட்டுது."

"அப்ப ரெண்டு ஸ்பீக்கர் சேர்ந்து இருக்கு. தடை பாதியாயிடும், கரண்டை ரெண்டு மடங்கு இழுக்கும், ஆம்ப் வெந்துடும். உங்களுக்கா சொல்லணும்? இதைச் சொல்லித்தானே என் தங்கச்சி ரூம் ஸ்பீக்கரைப் பிடுங்குனீங்க?"

அவன் மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தான். அதே மூன்று.

"அது இங்க என் பெஞ்சுல கிடக்கு. ரூம்ல வெறும் வயர்தான் தொங்குது. மீட்டர்தான் தப்பாக் காட்டுது, புது பேட்டரி போடுங்க, போங்க."

வைத்துவிட்டார்.

ஆம்ப் சுடுகிறது என்று அன்று சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. மனைவி நோயில் கிடந்த கடைசி மாதம், அவளுடைய முனகல் சுவரைத் தாண்டி வந்தது. அதை அமுக்க அவனுக்குக் கூடத்தில் முழுச் சத்தம் வேண்டியிருந்தது. இரண்டு ஸ்பீக்கரோடு ஆம்ப் அதைத் தாங்காது. அவளுடையதைக் கழற்றினான்.

"எனக்கும் கொஞ்சம் பாட்டு விடுங்களேன்" என்று கேட்டாள். ஒரு முறைதான் கேட்டாள்.

இப்போது கூடத்து ஸ்பீக்கரையும் கழற்றினான். ஸ்பீக்கரே இல்லாத வயரில் இனி மீட்டர் எதையும் காட்டக் கூடாது.

ஆறு.

எண் நிற்கவில்லை. ஏறியது. இறங்கியது. தூங்குகிறவரின் மூச்சைப் போல.

வயர் சுவரோரமாகப் போய், கதவிடுக்கில் நுழைந்து, அவள் அறைக்குள் ஓடியது. எட்டு மாதமாகத் திறக்காத கதவு. தள்ளினான். மருந்து வாடை. இருட்டு.

தொங்க வேண்டிய வயர் கட்டில்மேல் ஏறியிருந்தது. தலையணையில் ஒரு குழி. வயர் இரண்டாகப் பிரிந்து, குழிக்கு இருபுறமும், காது உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

குழி மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

இரண்டு செம்பு நுனிகளும் கூடவே திரும்பின.