மாஸ்டர் வைத்த அளவு

காலையில் காரில் ஏறிப் பழக்கத்தில் இடது கையை நீட்டிய ரங்கநாயகிக்குக் கியர் ராடு அகப்படவில்லை. குனிந்து பார்த்தாள். நேற்றுத் தன் கைக்கு அளந்து இறுக்கிய ராடு இரண்டு விரற்கடை கீழே இறங்கி, பக்கத்து சீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது.

புதுச் சாமான், வீடு பழக வேண்டாமா என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்து உயர்த்தி இறுக்கினாள். குமிழ் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் இன்னும் தென்னைகளைத் தாண்டி வாசலுக்கு வந்திருக்கவில்லை.

தோப்பில் வழுக்கி விழுந்ததில் அவள் முழங்கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் முழுதாக நீளவில்லை. மாருதியின் மூன்றாவது கியர் எட்டாது. கணவன் நஞ்சுண்டனுக்குப் பெருந்துறையில் பட்டறை. சனிக்கிழமைதான் முகம் காட்டுவான். தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து மகள் லோகப்பிரியாவைக் கிணத்துக்கடவுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிவர அவளை விட்டால் ஆளில்லை. அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் இத்தனை பாடு.

வழி சொன்னவர் மெக்கானிக் அழகிரிசாமி. கோயமுத்தூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர் ஒருவர் தன் மாருதிக்கென்று லேத்தில் கடைந்து செய்த ராடு அது. குழாய்க்குள் குழாய், நடுவில் ஒரு போல்ட். தளர்த்தினால் ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம். படிக்க வருகிறவர் கைக்கு அளவு வைத்துவிட்டு, மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தக் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக் கியர் மாற்றிக் கொடுப்பாராம். வண்டியைப் பிரித்து விற்கிறார்கள் என்று அழகிரிசாமிக்குக் கேள்வி.

ரங்கநாயகியே மாஸ்டர் வீட்டுக்கு நேரில் போனாள். கதவைத் திறந்த அம்மாளின் தலையில் பூ, நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. துண்டில் சுற்றிய ராடைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போயிருங்க அம்மணி. காசெல்லாம் வேண்டாமுங்க."

உள்ளறை இருட்டில், நாற்காலியில், வெள்ளைச் சட்டை போட்ட யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பன்னீர்ப் புகையிலை வாசம் அடித்தது. மாஸ்டராகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நம் பக்கத்து ஆட்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் படி இறங்க வருமா?

"வாரேனுங்க. நீங்களும் ஒருக்கா ஊட்டுப் பக்கம் வாங்க," என்று உள்ளறைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

அடுத்த நாளும் ராடு இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கீழே. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த வண்டிக்குள் பன்னீர்ப் புகையிலை வாசம் ஈரத்துணி வாடைபோலத் தங்கியிருந்தது. ஓட்டும்போது கியர் கரகரவென்று உரசினால், இடப்பக்கத்திலிருந்து யாரோ உச்சுக்கொட்டுகிற சத்தம். என்ஜின் சத்தமாக இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஒரு தடவை, ஒண்டிப்புதூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில், அவள் தடுமாறிய நேரத்தில் கியர் தானாக, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல, சரியான இடத்தில் விழுந்தது. அவள் புறங்கைமேல் ஏதோ கனத்தது. வீடு வந்ததும் அந்தக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அன்று மாலை பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே அழகிரிசாமியின் பட்டறைக்குப் போய், ராடைக் கழற்றச் சொன்னாள். அழகிரிசாமி போல்டோடு மல்லுக்கட்டினார். அது அசையவில்லை.

"நானே இன்னிக்குத்தானுங்க கேள்விப்பட்டேன். நீங்க போறதுக்கு முந்துன நாளே மாஸ்டர் செத்துட்டாராம்."

"அந்தம்மா பூவும் பொட்டுமா இருந்தாங்களே."

"காரியம் முடியற வரைக்கும் தாலி கழட்ட மாட்டாங்களே அம்மணி." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "எழவு ஊட்டுல வாரேன்னு சொல்லிப்போட்டீங்களா?"

ரங்கநாயகி தலையாட்டினாள். வரச்சொல்லி அழைத்ததை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

"வெல்டிங் கேஸ் தீந்துபோச்சுங்க. நாளைக்குக் கொண்டாங்க, அறுத்துப்போடறேன்."

மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, இரண்டாவது கியரிலேயே வீடு வந்து சேர்ந்தாள். சாளை வாசல் சரிவானது. சரிவு முடிகிற இடத்தில் கைப்பிடிச் சுவரில்லாத பெரிய கிணறு. அதனால் எப்போதும் முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல்லும் வைப்பாள். அன்றும் வைத்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கதவைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தாள். ராடு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அந்த உயரத்தில் அவளால் ஓட்டவே முடியாது. பெரியவர்கள் யாராலும் முடியாது. பின்னே யார் கைக்கு இந்த அளவு?

அந்தக் கேள்வியை அவள் மேலே ஓடவிடவில்லை. கதவை அடித்துச் சாத்தினாள்.

பொழுது சாய்ந்தது. கரண்ட் போயிற்று. அடுப்படியில் விளக்கைத் தேடிக்கொண்டே, "கண்ணு, நகராம உக்காரு," என்றாள். தென்னோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று. போல்ட் திருகுகிற சத்தம். மெதுவாக. நிதானமாக.

"பிரியா?"

பன்னீர்ப் புகையிலை.

வாசலில் நின்ற காருக்கு ஓடினாள். கல் ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டுகிற சீட்டில் லோகப்பிரியா. சீட் முன்னுக்கு வந்திருந்தது. கால் எட்டவில்லை, கொலுசுக்கால்கள் அந்தரத்தில் தொங்கின. அவற்றுக்குக் கீழே கிளட்ச் மட்டும் தானாக உள்ளே அழுந்தியது.

என்ஜின் உறுமியது. சாவி ரங்கநாயகியின் இடுப்பில்தான் இருந்தது.

அவள் கதவின்மேல் பாய்ந்தாள். கதவுப் பிடியை இழுத்தாள். வரவில்லை. கண்ணாடியில் அறைந்தாள். மகள் திரும்பவில்லை. சொல்லிக் கொடுப்பதைக் கவனமாகக் கேட்கிற பிள்ளையாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கை, ராடு வைத்த அளவுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. புறங்கைச் சதையில் நாலு விரல் பதிந்த குழிகள். பதித்த விரல்கள் இல்லை.

கிளட்ச் மெல்ல மேலே வந்தது. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் கிணற்றை நோக்கிச் சரிவில் இறங்கியது.

சின்னக் கை பின்னுக்கு இழுபட்டது. இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.