தண்ணீர் இருந்த பக்கம்

“அப்ப எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க? சூரியன் எங்க இருந்துச்சு?”

“அன்னைக்கு ஏதுங்க அண்ணி சூரியன்?”

“சரி, வேற மாதிரி கேக்கறேன். கரை மேல நடந்து போனீங்க. ரெண்டு பக்கமும் தண்ணி. நீங்க எந்தப் பக்கம் எறங்கினீங்க?”

“ரெண்டு பக்கமும் தண்ணி இல்லைங்க. ஒரு பக்கம் வெறும் சேறு. நான் தண்ணி இருந்த பக்கம் எறங்கினேன்.”

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த சாரதாவின் விரல்கள் ஒருமுறை விரிந்து மூடின. கார் வளைகுடாவைக் கடக்கும் டம்பார்ட்டன் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. விமான நிலைய வாசலில் தன்னைப் பார்த்ததும் ‘நியூ ஜெர்சில தினமும் ஹோட்டல் சாப்பாடா, தொப்பை முன்னால வருது’ என்று அண்ணி கிண்டல் செய்தது, குழந்தையைப் பற்றி விசாரித்தது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குத் தைரியம் சேர்த்துக்கொள்ளத்தான் என்று சபரிக்கு இப்போதுதான் உறைத்தது.

பாலம் இறங்குமிடத்தில் வளைகுடா முடிந்து, கரை கட்டிய தண்ணீர்ப் பாத்திகள் தொடங்கின. ஒன்று பச்சை, ஒன்று துருவின் நிறம், அதற்கு அப்பால் கண் எட்டும் வரை இளஞ்சிவப்பு. விமானம் தாழ இறங்கும்போது பக்கத்து சீட்டுப் பெண் ஃபோனை ஜன்னலில் ஒட்டி அதைத்தான் படமெடுத்தாள். யாரோ ஒரு ஏரி நிறைய ரோஸ்மில்க் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. சபரியும் ஒரு படம் எடுத்திருந்தான்.

“அதுலதான் உங்கண்ணன் இருக்காரு” என்றாள் சாரதா.

அண்ணன் சேனாபதி போய்ச் சேர்ந்தது 2020 ஆகஸ்ட் கடைசியில். மாரடைப்பு. பவானி கூடுதுறையில் கரைக்க வேண்டிய அஸ்தி. ஊருக்கு விமானம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கிடைத்துப் போனாலும் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் நடக்காது. கடல் எங்கே இருந்தாலும் கடல்தானே, அங்கேயே விட்டுவிடுங்கள் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். சபரி மூக்கில் இரண்டு மாஸ்க்கோடு பறந்து வந்தான். அஸ்தி கரைக்க அவர்கள் கிளம்பிய காலையில் காட்டுத்தீயின் புகை வானத்தை மூடியிருந்தது. பத்து மணிக்குத் தெருவிளக்குகள் எரிந்தன. வீடு, மரம், சாலை, மனித முகம் எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறத்தில் தோய்ந்திருந்தன. மகள் ரோஷினிக்கு வீசிங் வந்துவிட்டதால் சாரதா அவளோடு காரிலேயே இருந்துவிட்டாள். சபரி தனியாக அஸ்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைமேல் நடந்தான். ஒரு பக்கம் கடல் ஓதம் வற்றிச் சேறு. மறுபக்கம் நிறைந்த தண்ணீர். அந்த வெளிச்சத்தில் தண்ணீருக்கென்று தனியாக ஒரு நிறம் இல்லை.

ஈரோட்டுப் பக்கத்து ஆளுக்கு உப்பளம் எங்கே தெரியும்? நிறைந்த தண்ணீரைக் கண்டால் இறங்கத்தான் தெரியும்.

சாரதாவுக்கு விஷயத்தைச் சொன்னது அவளோடு குபெர்டினோவில் வேலை செய்யும் கிருபாராணி. தூத்துக்குடிக்காரி. போன இலையுதிர் காலத்தில் இருவரும் அந்தக் கரையில் வாக்கிங் போனபோது, இங்கேதான் ரோஷினி அப்பாவைக் கரைத்தோம் என்று சாரதா காட்டியிருக்கிறாள். கிருபாராணி, இது கடல் இல்லை, அளம் என்று சொல்லியிருக்கிறாள். கடல் தண்ணீரை மதகு வழியாக உள்ளே விடுவார்கள், வெயிலும் காற்றும் குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த பாத்திக்குத் தள்ளுவார்கள், அங்கிருந்து அடுத்ததற்கு. உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி கிடையாது. கடைசியில் உப்பாகத்தான் வெளியே வரும்.

சாரதா படித்துத் தெரிந்துகொண்டது மிச்சம். பூர்வகுடிகளான ஓலோனி மக்கள் இந்தக் கரையோரப் பள்ளங்களில் காலங்காலமாக உப்பு எடுத்தார்கள். தங்கம் தேடி வந்த கூட்டத்துக்கு இறைச்சி பதப்படுத்த உப்பு வேண்டியிருந்தது. சதுப்பை வெட்டிக் கரை போட்டார்கள். பல தேசத்துக் கூலிகள் மண்வெட்டியோடு வந்தார்கள், சிலர் எங்கேயும் திரும்பிப் போகவில்லை. நூற்றெழுபது வருடமாக வளைகுடாவின் இந்த மூலை காய்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு தண்ணீர் முதல் மதகில் நுழைந்து கடைசிப் பாத்திக்கு வர ஐந்து வருடம் ஆகும். முதலில் அதில் மீன் இருக்கும். பிறகு இறால் பூச்சி மட்டும். அப்புறம் அதுவும் செத்துவிடும். உப்பையே குடித்து வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத சிவப்பு உயிர் ஒன்றுதான் மிஞ்சும். அந்த நிறம்தான் ஜன்னலிலிருந்து படமெடுக்கிற நிறம்.

“இப்ப அவரு கடைசிக்கு முந்தின பாத்தில இருக்காரு. இந்த வாரம் மதகு தொறந்தாங்கன்னா கடைசிப் பாத்தி. அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு முன்னாடி வெளிய எடுத்து அந்தப் பக்கம் விட்டறணும். அவரு போய்ச் சேரணும், சபரி.”

அண்ணிக்குத் தேவை நல்ல தூக்கமும் ஒரு டாக்டரும் என்று சபரி நினைத்தான்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஓதம் வற்றிய சேற்றின் வாடை; அழுகிய முட்டையும் ஈரத் துணியும் கலந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மத்தியான வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. பின்கதவிலிருந்து சமையலறை வரை கருப்பு மரத்தரையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. குனிந்து பார்த்தான். பாதச் சுவடுகள். உள்ளே வந்தவை மட்டும்.

“தினம் தொடைக்கறேன்” என்றாள் சாரதா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

ரோஷினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினாலு வயது, அப்பாவின் நெற்றி. ஹாய் சித்தப்பா என்று கட்டிக்கொண்டாள். சபரி தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பள்ளிக்கூடம் நன்றாகப் போகிறது, வயலின் பிடிக்கவில்லை, வீட்டு வாடை பழகிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சாதம், தக்காளி ரசம், உருளைக்கிழங்கு வறுவல். ஆறு மணிநேர விமானத்துக்குப் பிறகு ரசம் அமிர்தமாக இருந்தது. கையில் வாங்கிக் குடித்தான். நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

சாரதா தன் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். “நான் உப்பு போடறதே இல்ல, சபரி. கிருபா சொன்ன நாள்ல இருந்து இந்த வீட்ல உப்பு கெடையாது. யாரு உப்புன்னு தெரியாம எப்படிப் போடறது?”

சபரி நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தான்.

ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

நாலு மணிக்கு ஓதம் ஏறும் என்று சாரதா ஃபோனில் பார்த்து வைத்திருந்தாள். காரின் டிக்கி நிறைய காலியான பால் கேன்கள், ஒவ்வொன்றும் ஒரு கேலன். மாதக்கணக்காகக் கழுவிக் காய வைத்துச் சேர்த்தவை. கார் நிறுத்துமிடத்தில் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஆளுக்கு நாலைந்து கேன்களைக் கோத்துத் தூக்கிக்கொண்டு கரைமேல் நடந்தார்கள்.

இடது பக்கம் வளைகுடா ததும்பியது. வலது பக்கம் அந்த இளஞ்சிவப்பு.

காற்று வீசியது. வளைகுடாவில் அலை எழுந்தது. பாத்தியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கெட்டியான திரவம், பாயசத்தின் மேல் படிகிற ஏடு மாதிரி அசையாமல் கிடந்தது. பறவைகள் கரையின் மேலே வந்ததும் இடது பக்கமாக ஒதுங்கிப் பறந்தன.

சபரி சரிவில் இறங்கிக் கேனை அமுக்கினான். அப்போதுதான் பார்த்தான். ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு படலம். மாவு தூவிய மாதிரி.

புழுதியாக இருக்கும் என்று நினைத்தான். பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

படலமும் பத்தடி நகர்ந்திருந்தது.

திரும்பி நடந்தான். அது திரும்பியது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆரஞ்சு வெளிச்சத்தில் நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பெட்டியைக் கவிழ்த்த பிறகு சாம்பல் போகவில்லை. காலடியிலேயே நின்றது. காற்றில்லை, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி உள்ளங்கையால் தள்ளிவிட்டான். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது. போ அண்ணா, போ என்று சொல்லித் தள்ளினான். புகையில் மூச்சு முட்டியது. பாதியில் விட்டுவிட்டுக் காருக்கு ஓடினான்.

இப்போது அவன் கை தானாகத் தண்ணீருக்குள் போனது.

“டோன்ட் புஷ் ஹிம், சித்தப்பா.”

ரோஷினி கரைமேல் கேனை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். குரலில் பயமில்லை. நாயை மிதித்துவிடாதே என்று சொல்வதுபோல் சொன்னாள். “ஹி ஹேட்ஸ் இட்.”

சபரி கையை வெளியே இழுத்தான். வெயிலில் அது காயத் தொடங்கியது. மணிக்கட்டைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் எழுந்தன. மேல்புறம் நாலு. கீழ்ப்புறம் ஒன்று, குட்டையாக, தடிமனாக.

யாரோ இறுகப் பிடித்திருந்த கை.

சபரி கேனில் மொண்டான், ஏறினான், மறுபக்கம் இறங்கி ஊற்றினான். இளஞ்சிவப்பு, பச்சைத் தண்ணீரில் ஒரு கணம் நூலாக ஓடி மறைந்தது. திரும்பி வந்தான். மறுபடி மொண்டான். உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு எரிந்தது. படலத்தைக் கேனுக்குள் வாங்கப் பார்த்தால் அது கேனின் வாயைச் சுற்றிக்கொண்டு விலகியது. அவன் கைக்கு மட்டும்தான் வந்தது. கையில் வந்ததை மறுபக்கம் கொண்டுபோய் அலசினான். ஒரு பிடி. இன்னொரு பிடி.

“எவ்வளவு எடுத்தாப் போதுங்க அண்ணி?”

சாரதா பாத்தியைப் பார்த்தாள். அதன் மறுகரை தெரியவில்லை.

தூரத்தில் வெள்ளை டிரக் ஒன்று வந்து நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு ஆள் இறங்கினான். இவர்களைப் பார்த்து நட்பாகக் கையசைத்தான். கரையோர மேடையில் ஏறி ஒரு சக்கரத்தைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினான்.

இரும்பு உராயும் சத்தம் காற்றில் மெல்லிசாக வந்தது.

அசையாத தண்ணீர் அசைந்தது.

சபரி இரண்டு கைகளையும் உள்ளே விட்டான். படலம் அவன் விரல்களைச் சுற்றிக்கொண்டது. ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு இருந்தது. பிறகு இழுபட்டது. விரல் விரலாக விட்டது. நீளமாகி, கோடாகி, மதகை நோக்கிப் போனது. சாரதா கரைமேல் அதோடு ஓடினாள். “இருங்க, இருங்க” என்று மெதுவாகத்தான் சொன்னாள், வேலைக்குக் கிளம்புகிறவரிடம் டிபன் பாக்ஸை மறந்துவிட்டீர்கள் என்று சொல்வதுபோல. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மேடைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டாள். கையில் கேன் இருந்தது. அதில் பாதிதான் நிறைந்திருந்தது.

அந்த ஆள் சக்கரத்தைப் பூட்டிவிட்டு மறுபடி கையசைத்தான். ரோஷினி பதிலுக்குக் கையசைத்தாள்.

சபரி நியூ ஜெர்சிக்கு, பிரிட்ஜ்வாட்டருக்குத் திரும்பினான். அடுத்த வாரம் சாரதா ஃபோன் செய்தாள். தரையில் பாதங்கள் இல்லை, வாடை போய்விட்டது, ரசம் சப்பென்று இருக்கிறது என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். கோடை முழுக்க அவள் அந்தக் கரைக்குப் போகவில்லை. இலையுதிர் காலத்தில் உப்பு வாரத் தொடங்கினார்கள். வெள்ளை மலை ஒன்று ஃப்ரீவேயிலிருந்தே தெரிகிறது, வேலைக்குப் போகும்போது தினம் பார்க்கிறேன், தினம் கொஞ்சம் குறைகிறது என்றாள். எங்கே போகிறது என்று அவன் கேட்டான். நீச்சல் குளத்துக்கு, மாட்டுத் தீவனத்துக்கு, சிப்ஸ் பாக்கெட்டுக்கு, பனி பெய்கிற ஊர்களின் சாலைக்கு. லாரி போகிற இடமெல்லாம். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மனைவி கடையில் கோட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, சபரி மாலின் சாப்பாட்டுக் கூடத்தில் மகள் கயலோடு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு மூன்று வயது. டேகேரில் பேசுவதுதான் அவள் பேச்சு; தமிழில் அம்மா, அப்பா, பால், இவ்வளவுதான் வரும். அவள் கேட்டாள் என்று ஒரு ப்ரெட்ஸல் ரொட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். சூடாக, வெண்ணெய் மினுங்க, மேலே கல் உப்புத் தூவியது.

சுற்றிலும் ஒரே இரைச்சல். கிறிஸ்துமஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கயல் ப்ரெட்ஸலைத் தின்னவில்லை. அதிலிருந்த உப்புக் கற்களை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். வரிசையாக இல்லை, கும்பலாக. ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள். இல்லை என்பதுபோல் தலையாட்டிவிட்டுத் திரும்பப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் போட்டாள்.

“கயல், சாப்பிடு” என்றான் சபரி.

அவள் நிமிரவில்லை. விரல் கும்பலுக்குள் துழாவிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

“இங்க நெறையப் பேரு இருக்காங்கடா, சபரி” என்றாள் கயல், பிசிறில்லாத, அவர்கள் ஊரான கோபிப் பக்கத்துத் தமிழில், களைத்துப்போன, அடங்கிய குரலில். “பக்கத்துல யாருன்னே தெரியல. இதுல நா எதுன்னு எனக்கே தெரியல. என்னைய மட்டும் கொஞ்சம் தனியா எடுத்து வெச்சர்றயா?”