மூன்றாவது ஓம்

மேசையில் நாலு பேருக்கு இடம். அடுப்போரம் அன்புராசா. யன்னல் பக்கம் நிரூபா, அவளுக்கு எதிரே அவள் கணவன் அல்பேட். கதவோர வாங்குப் பலகை அகஸ்ரினுக்கு. அவன் வெளிப்படியில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் மூவரும் நினைத்தார்கள்.

ரொறன்ரோவிலிருந்து விமானமேறி வந்து, ரொக்கி மலையில் குடிலுக்குக் குடில் ஐந்து நாள் நடை. அது மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டபோதே பனிப்புகார் இறங்கிவிட்டது. முன்னால் போன அன்புராசா பத்து நிமிடத்துக்கொருமுறை, "வாறியளோ?" என்று கூப்பிடுவார். பின்னாலிருந்து மூன்று "ஓம்" வரும். நிரூபாவுடையது, அல்பேட்டுடையது, கடைசியாக மூச்சிரைக்க ஒரு "ஓம் அண்ணை". மூன்றும் வந்தால் மேலே நடப்பார். தோளில் பதினெட்டுக் கிலோ. திரும்பிப் பார்க்கவும் தெம்பில்லை.

ஒன்பது மணித்தியாலம் அப்படியே நடந்தார்கள்.

குடிலில் நிரூபா நாலு கோப்பையில் தேநீர் ஊற்றினாள். வெளியே சப்பாத்தைப் படியில் தட்டும் சத்தம் கேட்டது.

"அகஸ்ரின், தேத்தண்ணி ஆறுது!"

"ஓம்."

"உவன் கலியாணம் கட்டின நாளில இருந்து உந்த ஓமைத் தவிர வேற ஒண்டும் சொல்லேல்லை," என்று அல்பேட் சிரித்தான்.

நாலாவது கோப்பையின் ஆவி அடங்கியது. நிரூபா எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

படியில் மூன்று சோடிச் சப்பாத்துகள்.

பனியில் மூவரின் தடம்.

மறுநாள் மீட்புக்குழு அகஸ்ரினை முதல் கற்சரிவின் அடியில் கண்டெடுத்தது. உடைந்த கைக்கடிகாரம் காலை எட்டே முக்காலில் நின்றிருந்தது.

ஒஷாவாவில் அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி எமில்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, கடைசியா அவற்ர குரலை எங்க கேட்டனியள்?"

"பிறகு சொல்லுறன் தங்கச்சி," என்று அன்புராசா காரடிக்கு நடந்தார். அதன்பிறகு அவர் அழைத்தால் அவள் போன் எடுப்பதில்லை.

ஆறு வாரமாக, தன் அஜின்கோர்ட் வீட்டின் சமையலறை மேசையில் அவளுக்குக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். கற்சரிவில் கேட்டதாக எழுதினால் பொலிஸ் சொன்ன எட்டே முக்காலோடு ஒத்துப்போகும். அவளும் நம்புவாள். ஆனால் மிச்ச எட்டு மணித்தியாலமும் பதில் சொன்னது யார்?

ஏழாவது தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினார்.

'தங்கச்சி, கடைசியாகக் குடில் கதவடியில் கேட்டேன். அல்பேட்டும் நிரூபாவும் கேட்டார்கள். நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை. பிழை என்னுடையது. நான் குரலைத்தான் எண்ணினேன். ஒருக்காலும் திரும்பி ஆளைப் பார்க்கவில்லை.'

உறையை ஒட்டி, முத்திரை வைத்து, தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தார். நல்ல மத்தியான வெயில். அந்த ஐம்பது அடியும் மலையேற்றமாய் இருந்தது. கடிதத்தைப் பாதி நுழைத்த கை, அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு இது ஆறுதலா, இன்னொரு அடியா?

"போடட்டோ?" என்று தனக்குள்தான் முணுமுணுத்தார்.

பின்னால் யாரோ மூச்சிரைத்தார்கள்.

"ஓம் அண்ணை."

இந்த முறை அன்புராசா திரும்பிப் பார்த்தார்.

நடைபாதையில் ஒருவருமில்லை. காய்ந்த சீமெந்தில், சப்பாத்திலிருந்து தட்டிவிட்டதுபோல ஒரு பிடி பனி கிடந்தது.

அது உருகுமுன் அவர் விரல்களை விரித்தார். கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.